பேரங்காடிக்கு வந்த பற்றுச்சீட்டு
பேரங்காடியில் கைப்பேசியைக் காட்டி, சிடிசி பற்றுச்சீட்டால் பணத்தைக் கழிச்சுக்கிறோமே, அது சிங்கப்பூரில் எப்படி வந்தது?

2020இல் கொவிட்-19 பரவியபோது, சமூக மேம்பாட்டு மன்றங்கள் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இதை வழங்கின. 2021 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மின்னிலக்க வடிவில் 100 வெள்ளி கிடைத்தது. ஆனால் அப்போது பேரங்காடியில் செல்லாது; உணவங்காடியிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் மட்டும்தான். வாங்குபவரோடு சிறு வியாபாரியும் பிழைக்கணுமே!

விலைவாசி ஏறியதும் விதி மாறியது. 2023 ஜனவரியில் கிடைத்த 300 வெள்ளியில் பாதி பேரங்காடிக்கு. மறுபாதி சிறு கடைகளுக்கே. குடும்பச் செலவும் குறையணும், சிறு கடையும் நிலைக்கணும் என்பதே அந்தப் பிரிவினையின் பொருள்.

மாணவர்களே, தேர்வில் ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். விதி ஏன் மாறியது, யாருக்குப் பயன் என்றும் எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கு.