பேராதனைப் பாலும் கடுகன்னாவை இறக்கமும்



போன வாரம் நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் படித்தவர். பாவித்த சுசுக்கி ஸ்விப்ட் ஆர்.எஸ். ஒன்று வாங்கியிருக்கிறார். சிவப்பு நிறம், சின்ன வாகனம், ஓட்டத்தில் துடிப்பு. நான்கு டயரும் மொட்டை. "சேர், கடையில மூணு விதமா காட்டுறாங்க. எத போடுற?" என்று கேட்டார். வரலாறு படிப்பிக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தோம். பிறகு யோசித்தால், கண்டிக்காரருக்கு டயரை விட நெருக்கமான வரலாறு குறைவு.

மன்னர் காலத்தில் "மடிகே பத்த" என்றொரு பிரிவு இருந்தது. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கிய தவளப் போக்குவரத்து அதன் கையில். அதில் பெரும்பங்கு நம் மூதாதையர்களுடையது. கலகெதரைப் பக்கம் மடிகே என்ற ஊர்ப்பெயரைக் கேட்டால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். 1820களில் ஆளுநர் பான்ஸ் கொழும்பு - கண்டி வீதியைக் கடுகன்னாவை மலைமேல் ஏற்றினார். வேலையை நடத்திய கெப்டன் டோசன் 1829 இல் இறந்துபோனார். அவருக்காக எழுப்பிய வெள்ளைக் கோபுரத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறோம். மாட்டுக் குளம்புக்குப் பிறகு மர வண்டிச் சில்லு, அதற்குப் பிறகுதான் இறப்பர்.

அந்த இறப்பரின் கதையும் நம் வாசலுக்கு வருகிறது. 1876 இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அதே ஆண்டு ஏறக்குறைய 1,900 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. பேராதனைக் குளிர் அந்த மரத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது என்று கம்பஹாவின் ஹெனரத்கொடையில் பெரும்பாலானவற்றை நட்டார்கள்.

நட்டதும் தோட்டத்துரைமார் ஓடிவந்து வாங்கவில்லை. கோப்பி நோயில் அழிந்தபோது அவர்கள் பிடித்தது தேயிலையை. இறப்பருக்குக் காலம் வர இன்னொரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். பின்னால் மோட்டார் கார் வந்தது. விலை ஏறியது. எங்கும் இறப்பர், எல்லாருக்கும் இறப்பர்!

1906 செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவிலேயே இறப்பர் கண்காட்சி நடந்தது. உலகின் முதல் இறப்பர் கண்காட்சி என்று அதைச் சொல்வார்கள். அப்போது பூங்காவின் பணிப்பாளர் ஜே. சி. வில்லிஸ். மலாயாவிலிருந்தும் இறப்பர் வந்தது. பால் வெட்டும் கத்திகள், பாலை உறைய வைத்துத் தகடாக்கும் இயந்திரங்கள், விரிவுரைகள் எல்லாம் அங்கே. நாம் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்துச் சோறு சாப்பிடும் அதே புல்வெளிகள். எங்கள் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

1942 இல் மலாயா ஜப்பானியரிடம் விழுந்ததும், நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையினுடையது. மரம் செத்தாலும் பரவாயில்லை, பாலை எடு என்று வெட்டினார்கள். 1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமும் பேராதனைப் பூங்காவுக்கே வந்து உட்கார்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952 இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம். வாப்பாமார் கூப்பன் அரிசி பற்றிப் பேசும்போது பின்னணியில் அந்த ஒப்பந்தமும் இருக்கிறது. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர் தொழிற்சாலை வந்தது. 1999 இல் சியட் களனியில் கூட்டுச் சேர்ந்தது. சியட்டை இந்தியக் கம்பனி என்றுதான் நமக்குத் தெரியும், ஆனால் பிறந்தது இத்தாலியின் டூரின் நகரில், 1924 இல்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். "உள்ளூர் இறப்பர் அதிகம் உள்ள டயர் நல்லதுதானே?" என்று கேட்டார். அப்படி இல்லை. இயற்கை இறப்பர் கிழிவைத் தாங்கும், குறைவாகச் சூடேறும். அதனால் லொறி டயரில் அதன் பங்கு கூட. கார் டயரின் தரைபடும் பகுதியிலோ செயற்கை இறப்பர்தான் முதன்மை. அதோடு சிலிக்கா சேர்ந்தால் ஈர வீதியில் பிடிப்பு கூடும். தலதா மாளிகைப் பக்கம் முதல் மழை விழுந்து எண்ணெயும் தூசியும் மிதக்கும்போது வாகனத்தை நிறுத்துவது அந்தக் கலவைதான், நாட்டுப்பற்று அல்ல.

அந்த வாகனத்தின் அளவு 185/55 ஆர் 16. அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 55 வீதம், அதாவது 10 சென்றிமீற்றரளவு. தம்பிக்கு 17 அங்குல ரிம் போட ஆசை. கடைக்கார இளைஞரும் ஊதிவிட்டிருக்கிறார். ரிம் பெரிதானால் பக்கச்சுவர் இன்னும் மெலியும். அக்குறணை வீதிக் குழியில் ஒருமுறை இறங்கினால் அலோய் வளையும். வாரந்தோறும் உம்மாவை ஏற்றிக்கொண்டு மஹியங்கனைக்குப் பதினெட்டு வளைவு இறங்கப் போகிறவர் அவர். கம்பனி தந்த அளவை மாற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம்.

இதில் எங்களுக்கு ஒரு காயம் உண்டு. 2020 இல் வாகன இறக்குமதி நின்றது, டயருக்கும் கட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாட்டில் ஒரு கடையில் "புத்தம் புதுசு" என்று நான்கு வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். பூ அழியாமல் பளபளத்தன. சில மாதத்தில் கடுகன்னாவை இறக்கத்தில், மழையில், பின்பக்கம் வழுக்கி மதிலோரம் போய் நின்றோம். பிள்ளைகள் பின் ஆசனத்தில். அல்ஹம்துலில்லாஹ், கீறல்கூட இல்லை. அடுத்த நாள் காலையில்தான் பக்கச்சுவரில் குனிந்து பார்த்தோம். 0814. 2014 ஆம் ஆண்டின் எட்டாம் வாரம். எங்கள் சின்ன மகள் பிறப்பதற்கு முன்பே வார்த்த இறப்பர்! வெயிலும் காற்றும் பட்டு உள்ளுக்குள் கல்லாகியிருந்தது. ஆண்டும் திகதியும் மனப்பாடம் பண்ணவைக்கிற ஆசிரியர், நான்கு இலக்கத்தை வாசிக்காமல் காசைக் கொடுத்திருக்கிறோம்.

தம்பியோடு நாங்களும் கடைக்குப் போனோம். மூன்றில் மிக மலிவானது பழைய திகதி. நடு விலைக்காரனை எடுத்தார், நான்கும் ஒரே வாரத்தில் வார்த்தவை. விலை கூடியதற்கும் அதற்கும் ஈரப்பிடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஓட்டச் சத்தத்தில்தான் கொஞ்சம். இரண்டு மட்டும் மாற்ற வசதிப்பட்டவர்கள் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள், முன்சில்லு இழுக்கிற வாகனமானாலும் சரி. ஈரத்தில் பின்பக்கம் விலகினால் பிடிப்பது கஷ்டம் என்பதை எங்களைக் கேட்டால் சொல்வோம்.

கழற்றிய பழைய நான்கையும் பாடசாலைத் தோட்டத்துக்குக் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். துளை போட்டு மண் நிரப்பும் வரை வெளியே வைக்கவில்லை, டெங்கு என்று பீ.எச்.ஐ. வந்து நிற்பார். சனிக்கிழமை காலை மண் வெட்ட இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும்.