ஊசி ஒன்றும் கருவிகள் பலவும்: தோடர் பூத்தையலும் ஆரி வேலையும்

கைத்தொழிலின் வளர்ச்சியை அதில் வழங்கும் கருவிகளின் எண்ணிக்கை கொண்டு அளக்கும் போக்கு வரலாற்றெழுத்தில் வேரூன்றியுள்ளது. கருவி மிகுந்த தொழில் முதிர்ந்தது என்றும், குறைந்தது தொடக்க நிலையில் நிற்பது என்றும் கொள்வர். பூத்தையற் கலையில் இவ்வளவுகோல் பிழைபடுகிறது. நீலகிரித் தோடர் மகளிரின் தையலையும் ஆரி வேலையையும் ஒருங்கு வைத்து நோக்கின் இது புலனாகும்.

தோடர் போர்த்தும் பூத்துக்குளி வெண்ணிறப் பருத்தித் துணியால் ஆனது. தோடர் நெசவாளர் அல்லர். துணியை வெளியிலிருந்தே பெறுகின்றனர். நெசவிலேயே அமைந்த சிவப்பு, கருப்புப் பட்டைகளை ஒட்டி மகளிர் அவ்வண்ண நூல்களால் பூவேலை செய்கின்றனர். சட்டம் இல்லை, வளையம் இல்லை, துணிமேல் வரைந்த கோடும் இல்லை. பின்புறத்திலிருந்து இழைகளை எண்ணி ஊசியைச் செலுத்துவர். எத்தனை இழை விடுவது, எத்தனை எடுப்பது என்னும் கணக்கே வடிவமாக விரிகிறது. நூலை முற்றும் இழுக்காது சிறிது தளரவிடுவதால் வேலைப்பாடு புடைத்துத் தோன்றும். இறந்தோர்க்கும் இத்துணியையே போர்த்துவர் என்பதால் இதனை வெறும் அணியாகக் கருத இயலாது.

இங்குச் சட்டம் இல்லாமை வறுமையால் நேர்ந்தது அன்று. பல இழைகளை ஊசியில் ஒருசேர எடுக்கத் துணி விரலுக்கு மடங்கிக் கொடுக்க வேண்டும். சட்டத்தில் இறுகக் கட்டிய துணி அவ்வாறு மடங்காது. ஊசியை ஒவ்வொரு முறையும் மேலும் கீழுமாகக் குத்தி வாங்க நேரும், வேலை தாமதப்படும். எனினும் தோடர் தையலில் ஊசியன்றி வேறு கருவியே இல்லை எனலும் முழுதும் பொருந்தாது. எண்ணத்தக்க பருவெட்டான நெசவே அங்கு அளவுகோலாக நிற்கிறது. நுண்ணிழைத் துணியில் இவ்வேலை எளிதில் நடவாது. தோடர் வாழ்வை 1906இல் நூலாக எழுதிய ரிவர்சுக்குப் பின், அவர்தம் ஆடையையும் பூத்தையலையும் குறித்து எமனோ 1937இல் தனிக்கட்டுரையே வரைந்தார். மொழியியலறிஞர் ஒருவர் தையலுக்குத் தனிக்கட்டுரை ஒதுக்கியது கருதத்தக்கது.

ஆரி வேலையின் இயல்பு வேறு. நுனியில் கொக்கியுடைய ஊசி மேலிருந்து துணியைத் துளைத்துக் கீழே செல்லும். அடியில் ஒரு கை பிடித்திருக்கும் நூலைக் கண்ணியாக மேலே இழுத்து வரும். கண்ணியுள் கண்ணி கோத்துச் சங்கிலித் தையல் உருவாகும். இரு கைகளும் துணியின் இருபுறம் இயங்குவதால் துணியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். சட்டம் அம்மூன்றாவது கை. ஆகவே இங்கு அது இன்றியமையாதது.

இவ்வூசி கச்சுப் பகுதி மோச்சி எனப்படும் தோல்வினைஞரின் குத்தூசியிலிருந்து தோன்றியது என்பர். துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் அடுத்தடுத்து நிறுத்துகிறது. புறநானூற்று 82ஆம் பாடலில் சாத்தந்தையார், கட்டிலுக்கு வார் பிணிப்போன் கையிலுள்ள ஊசியின் விரைவைப் பெருநற்கிள்ளியின் போருக்கு உவமையாக்கினார். அவ்வூசி ஆரி ஊசி அன்று. ஆயினும் தோல்வினைஞரின் ஊசி புலவரின் நினைவில் விரைவின் அடையாளமாக நின்றது நோக்கத்தக்கது. ஆரி ஊசியின் சிறப்பும் விரைவே. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய இம்முறையைச் செயிண்ட் ஓபான் 1770இல் விளக்கி எழுதினார். திமோனியே 1830இல் உரிமம் பெற்ற தையற்பொறியும் கொக்கியூசியால் சங்கிலித் தையலே இட்டது. விரைவுக்கென அமைந்த கருவி பொறியாவது எளிது. எண்ணும் கணக்கு அவ்வாறு கைமாறுவதில்லை.

விரலுறை, நூல் கோக்கும் மெல்லிய கம்பி போன்ற சிறு கருவிகள் விரலுக்கும் கண்ணுக்கும் துணையாவனவே அன்றித் தையலின் அமைப்பைச் சார்ந்தவை அல்ல. பார்வை மங்கிய முதியவருக்கு அத்துணை சிறிதன்று என்பது வேறு.

தோடர் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனைப் பிறர்க்குக் கற்பிக்க முற்படுவோர் வளையத்தையும் வரைபடத்தையும் முதலிற் கொடுப்பின், கற்போர் இழையை எண்ணாது கோட்டையே பின்பற்றுவர். முகப்பில் வடிவம் ஒத்திருக்கும். துணியைத் திருப்பினால் வேறுபாடு தெரியும்.