உள்ளடக்கச் செயலிகளும் தமிழெழுத்தும்

வலைத்தளத்தின் உள்ளடக்கத்தை மேலாள்வதற்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும் நிரலர், அதன் வசதிப் பட்டியலையே முதலில் புரட்டுகிறார். நாம் முதலில் கேட்க விரும்புவது வேறு: உள்ளே இட்ட எழுத்து பழுதின்றி வெளியே வருமா?

2001இல் பென் டிராட், மீனா டிராட் தம்பதியர் வெளியிட்ட மூவபிள் டைப், பெர்ல் மொழியில் அமைந்தது. தொடக்கத்தில் அது ஒவ்வொரு கட்டுரையையும் தனி எச்.டி.எம்.எல். கோப்பாக்கி வழங்கியில் வைத்துவிடும். வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றினாலும் பக்கங்கள் அனைத்தையும் மறுபடி கட்டவேண்டும். நிரலர்கள் பலர் இதைப் பெருங்குறை என்றனர். நாம் அவ்வளவு கடுமை காட்டமாட்டோம். செயலியே பழுதானாலும் கோப்புகள் படிக்கக் கிடைக்கும் என்பது சிறிய காரியமன்று.

அதற்குப் பின்னடைவைத் தந்தது உரிமம். 2004 மேயில் 3.0 பதிப்போடு வந்த விதிகள், இலவசப் பயன்பாட்டை ஓர் ஆசிரியர், மூன்று பதிவுகள் எனச் சுருக்கின. பலர் வெளியேறினர். அவர்களுக்கு வேறோர் இடம் ஆயத்தமாயிருந்தது. மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 கவனிப்பாரற்றுப் போனபோது, அதன் ஜி.பி.எல். உரிமம் அளித்த சுதந்திரத்தில் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதைக் கிளைபிரித்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என வெளியிட்டிருந்தனர். மூவபிள் டைப் 2007இல் திறமூலமானபோது காலம் கடந்திருந்தது.

எனினும் வேர்ட்பிரஸுக்கு முழு மதிப்பெண் தருவதற்கில்லை. 2007 மேயில் 2.2 பதிப்பு வரும்வரை, எழுத்துக் குறியாக்கம் இன்னதென்று அது தரவுத்தளத்துக்குச் சொல்லவில்லை. மைஎஸ்க்யூஎல் அட்டவணைகள் இயல்பாக லத்தீன்1 என்று அமைய, அவற்றுள் யூனிகோடு தமிழின் பைட்டுகள் போய் அமர்ந்தன. இடும்போதும் எடுக்கும்போதும் ஒரே தவறு நேர்ந்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. வழங்கி மாறி, புதியது யூ.டி.எஃப்.-8 என்று கேட்டதும் கட்டுரைகள் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாயின. நெடுவரிசையை முதலில் வெறும் இருமத் தரவாக்கி, பிறகு யூ.டி.எஃப்.-8 என அறிவித்தால் தமிழ் மீளும். நேராக மாற்றினாலோ, பிழையே முறைப்படி பதிவாகிவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் பழைய கட்டுரைகளைக் கைவிட்டவர்களும் உண்டு.

ஒரு குறை இன்றும் நீங்கவில்லை. கட்டுரையின் முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடங்கள். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழிலோ ஒரு குறிக்கு 3 பைட்டுகள், பைட்டு ஒன்றுக்கு முகவரியில் 3 இடங்கள், ஆக 9. புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிகளே. 'சிலப்பதிகாரமும் மணிமேகலையும்' என்று தலைப்பிட்டுப் பாருங்கள்: முகவரி 'மணிமேகல' என்பதோடு நின்றுவிடும்.