விசையும் வேகமாற்றமும்: தொடக்க வகுப்பு அறிவியலில் ஒரு கருத்தின் வரலாறு

முன்னுரை

பொம்மை வண்டியைத் தள்ளினால் ஓடுகிறது. கையை எடுத்தால் சற்று ஓடி நின்றுவிடுகிறது. ஓட்டம் தொடர விசையும் தொடர வேண்டும் என்று குழந்தை முடிவு கட்டுவது இயல்பே. இயற்பியல் சொல்வது வேறு. சமன் செய்யப்படாத விசை பொருளின் வேகத்தையோ திசையையோ மாற்றும். விசைகள் சமமானால் ஓடும் பொருள் மாறா வேகத்தில் நேராக ஓடிக்கொண்டேயிருக்கும். இவ்விரு புரிதல்களுக்கும் நடுவே பாலம் அமைக்க எழுந்த கற்பித்தல் முயற்சிகளின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவியல் நடந்த பாதை

குழந்தையின் எண்ணம் அரிஸ்டாட்டிலின் எண்ணமும்தான்: இயங்கும் எதையும் ஏதோவொன்று இயக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் அவர். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் இதை மறுத்தார். எறியும் கை பொருளுக்குள் ஓர் உந்துதிறனை ஏற்றுகிறது என்பது அவர் கருத்து. 14ஆம் நூற்றாண்டில் பாரிசின் ழான் புரிடான் அதை மேலும் வளர்த்தார்.

திருப்புமுனை கலிலியோவின் சாய்தளம். ஏறத்தாழ 12 முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, வழுவழுப்பான தோல்தாளை ஒட்டி, வெண்கல உருண்டையை உருட்டினார். மெல்லிய தாரையாக வழிந்த தண்ணீரைப் பிடித்து எடைபோட்டு நேரத்தைக் கணித்தார். கடந்த தொலைவு நேரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடியது. அதாவது வேகம் சீராக ஏறிக்கொண்டிருந்தது. இதை அவர் 1638இல் நூலாக வெளியிட்டார். வேகமாற்றத்துக்குக் காரணம் விசை என்பதை நியூட்டன் 1687இல் விதியாக வகுத்தார்.

குழந்தையை நோக்கித் திரும்பிய ஆய்வு

1928இல் டாவோசில் ஐன்ஸ்டைன் எழுப்பிய கேள்வியின் தூண்டுதலால், குழந்தைகள் வேகத்தை எப்படி உணர்கிறார்கள் என்று ழான் பியாஜே ஆராய்ந்தார். முடிவுகள் 1946இல் நூலாயின. நீளம் வேறுபட்ட இரண்டு சுரங்கங்களுக்குள் இரண்டு பொம்மைகள் ஒரே நேரத்தில் நுழைந்து ஒரே நேரத்தில் வெளிவந்தன. இரண்டும் சம வேகம் என்றனர் இளங்குழந்தைகள். சுரங்கங்களை அகற்றி ஓட்டத்தைக் கண்ணெதிரே காட்டியபோது, நீண்ட வழியில் சென்றதே வேகமானது என்று கண்டுகொண்டனர். வேகமே தெளிவாகாத குழந்தைக்கு வேகமாற்றம் விளங்காது என்பது ஆசிரியர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

1957இல் ஸ்புட்னிக் பறந்தபின் அமெரிக்கப் பள்ளி அறிவியலில் பெரும் சீர்திருத்தம் தொடங்கியது. பெர்க்லியின் கோட்பாட்டு இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் 1960களில் தொடக்கப்பள்ளிக்கான பாடத்திட்டத்தை உருவாக்கினார். குழந்தைகள் முதலில் பொருள்களைக் கையாண்டு ஆராய்வார்கள். பிறகே ஆசிரியர் கருத்தை அறிமுகம் செய்வார். அதன்பின் அக்கருத்தைப் புதிய சூழலில் பொருத்திப் பார்ப்பார்கள். வரையறையிலிருந்து பாடத்தைத் தொடங்கும் வழக்கம் இங்கே தலைகீழானது.

செய்முறை மட்டும் போதாது என்பதை அடுத்த தலைமுறை ஆய்வுகள் காட்டின. லாரன்ஸ் வியனோ 1979இலும் ஜான் கிளெமென்ட் 1982இலும் கல்லூரி மாணவர்களிடமே பழைய எண்ணத்தைக் கண்டனர். மேலே சுண்டிய நாணயம் ஏறிக்கொண்டிருக்கையில் அதன்மீது மேல்நோக்கிய விசை இருப்பதாகப் பலர் அம்புக்குறி வரைந்தனர். காற்றுத் தடையை விட்டுவிட்டால் அங்கே இருப்பது கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை மட்டுமே. மாணவரின் முன்கருத்தை அறிந்தே பாடம் அமைய வேண்டும் என்று 1983இல் ரோசலிண்ட் டிரைவர் வலியுறுத்தினார்.

இன்றைய நிலை

2013இல் வெளியான அமெரிக்க அறிவியல் பாடத்தரங்கள் இக்கருத்தைப் படிகளாகப் பிரிக்கின்றன. மழலையர் வகுப்பில் தள்ளலும் இழுத்தலும். 3ஆம் வகுப்பில் சமன் செய்யப்பட்ட, சமன் செய்யப்படாத விசைகள். அந்த வயதில் விசையை எண்ணால் அளக்கக் கேட்பதில்லை. கூடுதலா குறைவா என்று ஒப்பிட்டாலே போதும். தமிழ்நாட்டில் 2018இல் வந்த 6ஆம் வகுப்புப் பாடநூலில் விசையும் இயக்கமும் தனி அலகாக உள்ளது.

முடிவுரை

குழந்தையின் எண்ணம் அறியாமையல்ல. அனுபவத்திலிருந்து பிறந்த கோட்பாடு. உராய்வும் ஒரு விசை என்று தெரியாததே அதிலுள்ள குறை. ஆகவே ஒரே சாய்தளத்திலிருந்து ஒரே கோலியை உருட்டி, துண்டு விரித்த தரையிலும் வெறுந்தரையிலும் கண்ணாடியிலும் அது ஓடும் தொலைவை மாணவர்கள் அளக்கட்டும். எது நிற்கவைத்தது என்ற கேள்வியை, எது ஓடவைத்தது என்பதற்கு முன்பே ஆசிரியர் எழுப்ப வேண்டும். வரையறையை அதன்பிறகு கரும்பலகையில் எழுதலாம்.