காப்பு ரிலேயின் வரலாறு

காப்பு ரிலே என்பது மின்கடத்தல் பாதைகள், புதைவடங்கள், மின்மாற்றிகள், மின்னாக்கிகள் ஆகியவற்றில் ஏற்படும் பழுதை உணர்ந்து, பழுதுற்ற பகுதியை மட்டும் துண்டிக்குமாறு மின்சுற்று முறிப்பானுக்கு ஆணையிடும் கருவியாகும். மின்சாரத்தை நிறுத்துவது முறிப்பானின் வேலை. எப்போது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வது ரிலேயின் வேலை. பழுது நேரும்போது அது கட்டாயம் இயங்க வேண்டும். பழுது இல்லாதபோது இயங்கவே கூடாது. இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். காப்பு ரிலேயின் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் இந்த முரண்பாட்டைத் தீர்க்க நடந்த முயற்சிகளின் வரலாறே.

உருகியின் காலம்

மின்விநியோகத்தின் தொடக்கக் காலத்தில் உருகியே ஒரே காவலாக இருந்தது. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தொடங்கிய மின்நிலையத்தின் விநியோக அமைப்பிலும் உருகிகள் இடம்பெற்றன. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் மெல்லிய உலோகக் கம்பி உருகி இணைப்பை அறுத்துவிடும். இது எளிமையானது, மலிவானது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய கம்பியை மாற்ற வேண்டும். உருகும் நேரத்தைத் துல்லியமாக அமைக்க முடியாது. மின்னோட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் உருகிக்குத் தெரியாது. மின்னழுத்தம் உயர உயர, கம்பி உருகிய பின்னும் மின்வில் அணையாமல் எரிவது பெரும் சிக்கலாயிற்று.

ரிலே என்ற கருவி அதற்கு முன்பே தந்தித் துறையில் இருந்தது. நெடுந்தொலைவு வந்து வலுவிழந்த குறிப்பு, ஒரு மின்காந்தத்தை இயக்கும். அது புதிய மின்கலச் சுற்று ஒன்றை மூடிக் குறிப்பை மேலே அனுப்பும். சிறிய மின்னோட்டத்தால் பெரிய வேலையைத் தொடங்கி வைக்கும் இந்தக் கருத்தே மின்காப்புத் துறைக்கு வந்து சேர்ந்தது. மின்னோட்ட மின்மாற்றி, பெரிய மின்னோட்டத்தைச் சில ஆம்பியர் அளவுக்குக் குறைத்து ரிலேக்குத் தரும். வரம்பு மீறினால் ரிலேயின் தொடுமுனைகள் மூடி, முறிப்பானின் சுருளுக்கு மின்சாரம் செல்லும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தூண்டல் வட்டு ரிலே பரவலானது. இதில் அலுமினிய வட்டு ஒன்று வீட்டு மின்மீட்டரில் இருப்பதைப் போலவே சுழலும். மின்னோட்டம் மிகுந்தால் வட்டு விரைவாகச் சுழன்று தொடுமுனையை மூடும். குறைந்தால் மெதுவாகச் சுழலும். பழுதுக்கு அருகில் உள்ள ரிலே முதலில் இயங்கவும், பின்னால் உள்ளது காத்திருக்கவும் நேரத்தைப் படிப்படியாக அமைக்க இது வழி செய்தது.

நியூகாசிலும் மெர்ஸ்–பிரைஸ் முறையும்

நேரப் படிநிலை முறை, ஒரே திசையில் மின்சாரம் செல்லும் கிளைப் பாதைகளுக்குப் பொருந்தியது. வடகிழக்கு இங்கிலாந்தில் அது போதவில்லை. நியூகாசில் அபான் டைன் பகுதியில் சார்லஸ் மெர்ஸ் என்ற பொறியாளர் பல மின்நிலையங்களையும் கப்பல் கட்டும் தளங்கள், சுரங்கங்கள் ஆகியவற்றையும் மும்முனை மின்சாரத்தால் ஒரே வலையமைப்பாக இணைத்து வந்தார். 1901-இல் கெல்வின் பிரபு திறந்து வைத்த நெப்டியூன் பேங்க் மின்நிலையம் இதன் தொடக்கம். இணையாகவும் வளையமாகவும் இடப்பட்ட கேபிள்களில் இரு புறமிருந்தும் மின்சாரம் வரும். ஒரு கேபிள் பழுதானால் நல்ல கேபிள் வழியாகவும் பழுதுக்கு மின்னோட்டம் பாயும். அளவை மட்டும் பார்க்கும் ரிலே இரண்டையும் சேர்த்தே துண்டித்துவிடும்.

மெர்ஸும் அவருடைய உடன்பணியாளர் பெர்னார்ட் பிரைஸும் 1904-இல் காப்புரிமை பெற்ற முறை இதற்கு விடையாக அமைந்தது. கேபிளின் ஒரு முனையில் நுழையும் மின்னோட்டமும் மறு முனையில் வெளியேறும் மின்னோட்டமும் சமமாக இருந்தால் கேபிள் நலமாக உள்ளது. சமமாக இல்லாவிட்டால் இடையில் எங்கோ கசிகிறது. இரு முனைகளிலும் உள்ள மின்னோட்ட மின்மாற்றிகளை, கேபிளோடு சேர்த்துப் புதைத்த மெல்லிய துணைக்கம்பிகள் இணைக்கும். இயல்பு நிலையில் ரிலேயின் வழியே எதுவும் பாயாது. வேறுபாடு தோன்றினால் மட்டும் அது இயங்கும். வெளியே எவ்வளவு பெரிய பழுது நடந்தாலும் இந்த ரிலே அசையாது. தன் எல்லைக்குள் நடந்தால் காத்திருக்காது. வேறுபாட்டுக் காப்பு எனப்படும் இம்முறை இன்றும் மின்மாற்றி, மின்னாக்கி, புதைவடம் ஆகியவற்றின் முதன்மைக் காப்பாக உள்ளது.

துணைக்கம்பிகள் செலவு மிகுந்தவை என்பதால், ஒவ்வொரு கடத்தியையும் இரண்டாகப் பிரித்து, அவ்விரண்டின் மின்னோட்டங்களையே ஒப்பிடும் மெர்ஸ்–ஹன்டர் முறையும் பின்னர் உருவானது.

புதைவடத்துக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. மேல்நிலை மின்பாதையில் இடியாலோ மரக்கிளையாலோ நேரும் பழுதுகளில் பெரும்பாலானவை, மின்சாரத்தை நொடிப்பொழுது நிறுத்தினால் தாமே நீங்கிவிடும். அதனால் முறிப்பானைத் தானாகவே மீண்டும் மூடலாம். கேபிளில் எண்ணெய்த் தாளோ நெகிழியோ ஆன காப்புப்பொருள் எரிந்துவிட்டால் அது திரும்ப வளராது. மண்ணைத் தோண்டி, இணைப்புப் போட்டாக வேண்டும். எனவே முழுக் கேபிள் பாதைகளில் மறுமூடலைப் பெரும்பாலும் தவிர்ப்பர். முதல் முறையே விரைந்து துண்டிப்பதுதான் சேதத்தைக் குறைக்கும் வழி.

மின்மாற்றிக்கு ஜெர்மனியில் வேறொரு வழி பிறந்தது. மாக்ஸ் புக்கோல்ட்ஸ் 1921-இல் உருவாக்கிய ரிலே மின்னோட்டத்தை அளப்பதில்லை. மின்மாற்றியின் உள்ளே பழுதால் எண்ணெய் சிதைந்து வாயு எழும்போது, அதன் மிதவை இறங்கி எச்சரிக்கை தரும். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் மின்மாற்றியைத் துண்டிக்கும்.

தொலைவு ரிலே

நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் உயரழுத்தப் பாதைகளில் துணைக்கம்பி இடுவது கட்டுப்படியாகாது. 1920-களில் வந்த தொலைவு ரிலே, பாதையின் ஒரு முனையிலிருந்தே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து மின்மறுப்பைக் காண்கிறது. பழுது அருகில் இருந்தால் மின்மறுப்பு குறைவு. தொலைவில் இருந்தால் அதிகம். முதல் மண்டலம், பாதையின் ஏறத்தாழ 80 விழுக்காட்டு நீளத்தை உடனடியாகக் காக்கும். இரண்டாம் மண்டலம் எஞ்சிய பகுதியைச் சிறு தாமதத்துடன் காக்கும். மூன்றாம் மண்டலம் அடுத்த பாதையின் ரிலே தவறினால் உதவிக்கு வரும் மாற்றுக் காவல்.

இந்த மூன்றாம் மண்டலத்தில்தான் பழைய முரண்பாடு மீண்டும் தலைதூக்கியது. தொலைவில் உள்ள பழுதைப் பார்க்க வேண்டுமெனில் ரிலேயின் எல்லையை விரித்து வைக்க வேண்டும். மின்சுமை மிகுந்து மின்னழுத்தமும் தாழ்ந்தால், மின்மறுப்பு குறைந்து, பழுதே இல்லாத பாதையும் அந்த எல்லைக்குள் வந்துவிடும்.

காவலே இருளைத் தந்த நாட்கள்

1965 நவம்பர் 9 மாலை 5.16 மணிக்கு, கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள சர் ஆடம் பெக் மின்நிலையத்தில் ஒரு மாற்றுக் காப்பு ரிலே இயங்கி, டொராண்டோ நோக்கிச் செல்லும் ஐந்து 230 கிலோவோல்ட் பாதைகளில் ஒன்றைத் துண்டித்தது. அங்கே பழுது எதுவும் இல்லை. 1963-இல் சுமார் 375 மெகாவாட் அளவில் அமைக்கப்பட்ட அந்த ரிலேயின் வரம்பு, அதன்பின் வளர்ந்த மின்சுமைக்கேற்ப மாற்றப்படவில்லை. எஞ்சிய நான்கு பாதைகளும் மூன்று நொடிக்குள் அடுத்தடுத்து விழுந்தன. போக வழியற்ற மின்திறன் அமெரிக்கா பக்கம் திரும்பிப் பாய, நியூயார்க் உட்பட வடகிழக்குப் பகுதியில் சுமார் 3 கோடிப் பேர் இருளில் மூழ்கினர். இதன் விளைவாக 1968-இல் வட அமெரிக்காவில் மின்நம்பகத்தன்மைக்கான மன்றம் அமைந்தது.

2003 ஆகஸ்ட் 14 அன்று ஒகாயோ மாநிலத்தில் மரங்களில் பட்டு மூன்று 345 கிலோவோல்ட் பாதைகள் துண்டிக்கப்பட்டன. சுமை சேர்ந்த சாமிஸ்–ஸ்டார் பாதையை மாலை 4.05 மணிக்கு மூன்றாம் மண்டல ரிலே பழுதென்று கருதித் துண்டித்தது. அதன்பின் சரிவைத் தடுக்க முடியவில்லை. சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். இதன் பிறகு அமெரிக்க விதிகள், மின்னழுத்தம் 85 விழுக்காட்டுக்குத் தாழ்ந்த நிலையிலும் பாதையின் தகுதியளவில் 150 விழுக்காட்டுச் சுமையை ரிலே பழுதாகக் கருதக் கூடாது என்று வரையறுத்தன.

இந்தியாவிலும் 2012 ஜூலை 30 அதிகாலை இதே வடிவில் நிகழ்ந்தது. மிகுசுமையுடன் இருந்த பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையை மூன்றாம் மண்டல ரிலே துண்டிக்க, வட மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்றும் வீழ்ந்து, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. தென் மின்தொகுப்பு அப்போது உயரழுத்த நேர்மின் இணைப்புகளால் மட்டுமே பிறவற்றோடு இணைந்திருந்ததால் தமிழ்நாடு தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்தொகுப்பும் ஒத்திசைவாக இணைந்து, நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பானது. எங்கோ ஒரு துணை மின்நிலையத்தில் தவறாக அமைந்த ரிலே இனி தென்னகத்தையும் தொட முடியும்.

எண்ணியல் ரிலே

சுழலும் வட்டுக்கு மாற்றாக முதலில் டிரான்சிஸ்டர் ரிலேகளும், பின்னர் நுண்செயலி ரிலேகளும் வந்தன. 1969-இல் ஜார்ஜ் ராக்கஃபெல்லர், கணினியைக் கொண்டு ஒரு துணை மின்நிலையம் முழுவதையும் காக்கும் கருத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1984-இல் எட்மண்ட் சுவைட்சர் நிறுவிய நிறுவனம் எண்ணியல் தொலைவு ரிலேயைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பழுது எத்தனை தொலைவில் உள்ளது என்பதையும் அது கணித்துச் சொன்னது. இந்தியாவில் பிறந்த அருண் பட்கே, ஜேம்ஸ் தார்ப் ஆகியோரின் கணினி ரிலே ஆய்விலிருந்து, மின்தொகுப்பின் பல இடங்களை ஒரே நேரத்தில் அளக்கும் கட்ட அளவி 1988-இல் உருவானது.

இன்றைய எண்ணியல் ரிலே, சுமைப் பகுதியைத் தன் எல்லையிலிருந்து விலக்கி வைக்கும்; பழுதின் அலைவடிவத்தையும் பதிவு செய்யும். மெர்ஸ்–பிரைஸ் முறையின் துணைக்கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்துவிட்டதால், நீண்ட பாதைகளுக்கும் வேறுபாட்டுக் காப்பு எட்டுகிறது. வேறுபாட்டு ரிலேயைக் குறிக்கும் 87, தொலைவு ரிலேயைக் குறிக்கும் 21 ஆகிய எண்கள் வட்டு ரிலேயின் காலத்திலிருந்து மாறாமல் வரைபடங்களில் தொடர்கின்றன. வரம்பை எவ்வளவு வைப்பது என்பதை மட்டும் இன்றும் பொறியாளரே கணக்கிட்டு உள்ளிடுகிறார். மின்சுமை வளரும்போது அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதே 1965 முதல் 2012 வரையிலான மின்தடைகள் விட்டுச்சென்ற பாடம்.