மொட்டைத் தலையும் முழங்காலும்: வழுக்கையின் சிறு வரலாறு



"நீங்க ஹிஸ்டரி மேஜர். மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை குடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வல்லாள மகாராஜா கோபுரத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது என் தலையில் இருந்து, இப்போது இல்லாமல் போன ஒன்றைப் பற்றி!

போன சந்திப்பில் வாசலில் நின்றிருந்த என் பெஞ்ச் தோழன் என்னைப் பார்த்து, "ஐயா, எந்த டிபார்ட்மெண்ட் புரொபசர்?" என்று கேட்டான். 1992-ல் எடுத்த குரூப் போட்டோவில் நெற்றியை மறைக்கிற சுருள் முடியோடு நிற்பவன் நான்தான் என்று நிரூபிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வந்ததில்லை.

நம்ம ஊரும் முடியும்

நம் ஊரில் முடி இல்லாத தலை புதிதல்ல. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அன்றே தலையை மழித்துக் கொண்டார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி. அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட தலைகளைக் கிரிவலப் பாதையில் இன்றும் எண்ணி முடியாது. தானாகக் கொடுத்தால் அது காணிக்கை. தானாகப் போனால் அது கவலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு முப்பது வயதிலேயே உச்சியில் ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தவர் சலூன்கார அண்ணன். "தம்பி, பின்னாடி லேசா தெரியுதுப்பா" என்று கண்ணாடி பிடித்துக் காட்டினார். அம்மா, "மொட்டை போடுடா, அடர்த்தியா வரும்" என்றார். போட்டேன். வரவில்லை. கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கிறது; வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது. பிறகு போர் தண்ணியைக் குறை சொன்னோம். உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கலாம், ஒடிக்கலாம். ஆனால் ஆண் வழுக்கைக்குக் காரணம் அது அல்ல.

பழங்காலத்தார் கண்டது

சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர் எழுதி வைத்த எபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுருளிலேயே வழுக்கைக்கு மருந்து உண்டு: சிங்கம், முதலை, நீர்யானைக் கொழுப்புகளைக் கலந்து தடவ வேண்டுமாம்! ஜூலியஸ் சீசர் வழுக்கையை மறைக்க வெற்றி மாலையை விரும்பிச் சூடினார் என்று ரோமானிய ஆசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் சுசுருத சம்ஹிதை, பித்தமும் வாதமும் சேர்ந்து முடியை உதிர்க்கின்றன, பிறகு கபமும் இரத்தமும் மயிர்க்கால்களை அடைத்துவிடுகின்றன என்று விளக்கியது. கரிசலாங்கண்ணித் தைலமும் நெல்லிக்காயும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. முடிக்குப் பளபளப்பும் தலைக்குக் குளிர்ச்சியும் அவை தரும். சுருங்கிப்போன வேரைத் திரும்பப் பெரிதாக்கும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று இல்லை.

கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூல் ஒரு விசித்திரமான விஷயத்தைச் சொல்கிறது: விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. கேட்பவர்களுக்கு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்திருக்கும். ஆனால் அந்த முடிச்சு சரியான முடிச்சு!

முடிச்சு அவிழ்ந்தது

அதை அவிழ்க்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1942-ல் அமெரிக்கர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவம் அடையுமுன் விதை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை என்று காட்டினார். அவர்களில் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது முடி கொட்டத் தொடங்கியது. நிறுத்தியதும் கொட்டுவது நின்றது. போன முடி திரும்பவில்லை. ஆக, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். "அம்மா வழித் தாத்தாவைப் பாரு" என்பது பாதி உண்மை. முக்கியமான ஒரு மரபணு தாய் வழியே வருகிறது. மற்றவை பல இரு பக்கமிருந்தும் வருகின்றன.

1974-ல் இன்னொரு துப்பு கிடைத்தது. டொமினிக்கன் குடியரசில் சில குழந்தைகள் பெண் போலப் பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.ஹெச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் என்சைம் அவர்களுக்குக் குறைவு என்று ஜூலியான் இம்பெரேட்டோ மெக்கின்லி குழுவினர் கண்டார்கள். வளர்ந்த பிறகு அவர்களுக்குப் பிராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த என்சைமைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைடு 1992-ல் பிராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் குறைந்த அளவில் (1 மி.கி.) வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்னொரு மருந்தான மினாக்ஸிடில் தற்செயலாக வந்தது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்தது! அதைத் தலையில் தடவும் திரவமாக்கி 1988-ல் அனுமதித்தார்கள்.

உச்சி முடி போனாலும் பின்மண்டை முடி நிற்கிறதே, ஏன்? அந்த வேர்களை டி.ஹெச்.டி. அவ்வளவாகத் தொடுவதில்லை. அவற்றை உச்சியில் நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்பதை நியூயார்க்கின் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-ல் எழுதினார். இன்றைய முடி நடும் அறுவைக்கு அதுவே அடிப்படை.

என் வீட்டு வரலாறு

இவ்வளவும் தெரிந்திருந்தால் 2009-ல் நான் ஏமாந்திருக்க மாட்டேன். "ஆறு மாசத்துல முடி, இல்லேன்னா பணம் வாபஸ்" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். என் மனைவியின் இரண்டு சவரன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். "சீட்டுப் பணம் குறையுது" என்று அவளிடம் பொய் சொன்னேன். முடியும் வரவில்லை, பணமும் வரவில்லை. நகை மூழ்கிப் போயிற்று. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் மகனுக்கு, இருபத்து மூன்று வயதில், நெற்றி ஏறத் தொடங்கியது. எங்கோ மலிவு விலையில் முடி நட முன்பணம் கட்டிவிட்டான் என்று தெரிந்தது. நான் கத்தினேன். அப்போதுதான் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "கத்தாதீங்க. அந்தச் சங்கிலிக் கதைய அவன்கிட்ட சொல்லுங்க." இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

சொன்னேன். அதோடு 2016-ல் சென்னையில் நடந்ததையும் சொன்னேன். முடி நடும் அறுவை செய்துகொண்ட சென்னை மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் இறந்து போனார். டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி! 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இந்த அறுவையை முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது போதாது என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

முன்பணம் போனால் போகிறது என்று விட்டுவிட்டு, மகனைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் ரத்தம் சோதித்தார். தைராய்டு கோளாறு, ரத்தசோகை இருந்தாலும் முடி கொட்டும். டெங்கு, டைபாய்டு, கொரோனா வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அது பெரும்பாலும் தானே திரும்பிவிடும். திட்டுத் திட்டாகப் போகும் புழுவெட்டு வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு.

மகனுடையது பரம்பரை வழுக்கைதான். நல்ல வேளையாக ஆரம்ப நிலை. மினாக்ஸிடில் தடவச் சொன்னார். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஃபினாஸ்டெரைடு பற்றியும் ஒளிக்காமல் பேசினார். சிலருக்கு ஆண்மை தொடர்பான குறைகளும் மனச்சோர்வும் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. என் வயதுக்காரர்கள் கவனிக்க: அது பி.எஸ்.ஏ. ரத்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். பிராஸ்டேட் பரிசோதனைக்குப் போனால், இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

"எனக்கு ஏதாவது உண்டா டாக்டர்?" என்று நானும் கேட்டேன். "பளபளன்னு ஆன இடத்துல மருந்து பெரிசா எதுவும் செய்யாது சார்" என்றார். இந்த விஷயத்தில் என்னிடம் உண்மை பேசிய முதல் மனிதர் அவர். ஃபீஸ் கொடுத்தபோது வருத்தமே இல்லை.

மகனுக்கு முடி புதிதாக அதிகம் வரவில்லை, இருப்பது நிற்கிறது. அவன் நிம்மதியாக இருக்கிறான். நான் சிறுகச் சேர்த்து இரண்டு சவரன் சங்கிலி வாங்கிவிட்டேன்.

தம்பிகளே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சீக்கிரம் போங்கள், தகுதியுள்ள மருத்துவரிடம் போங்கள். என் வயது நண்பர்களே, அடுத்த சந்திப்புக்குத் தொப்பி இல்லாமல் வாருங்கள். முகம் தெரியாவிட்டால் குரலை வைத்துக் கண்டுபிடித்துக் கொள்வோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!