பீன்யா பலகையில் ஒரு கொக்கி: ஆங்கில உடைமைக் குறியின் வரலாறு

பெங்களூரின் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தையல்கடை. பலகையில் 'லேடீஸ் டெய்லர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முதல் சொல்லின் கடைசி 'எஸ்' எழுத்துக்கு முன்னால் சிவப்புப் பெயின்டில் ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள். பள்ளி இலக்கணத்தின்படி அந்த அபாஸ்ட்ரபி 'எஸ்'ஸுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். ஓவியர் ஓர் எழுத்து முந்திவிட்டார். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. இதே இடத்தில் இங்கிலாந்தின் அச்சகங்களே 200 ஆண்டுகளுக்கு மேல் தடுமாறியிருக்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் உடைமைக்குக் குறி கிடையாது, விகுதி இருந்தது. பெரும்பாலான ஆண்பாற் பெயர்கள் 'எஸ்' என்ற முழு அசையை ஏற்றன. காலப்போக்கில் அதன் உயிரொலி தேய்ந்து, மெய் மட்டும் மிஞ்சியது. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கில அச்சகங்கள் கொக்கியை எடுத்துக்கொண்டபோது, 'இங்கே ஓர் எழுத்து விழுந்துவிட்டது' என்று காட்டுவதுதான் அதன் வேலை. உடைமைக்கும் அதற்கும் அப்போது தனி உறவு இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உடைமைப் பெயர்கள் பெரும்பாலும் கொக்கியில்லாமலே அச்சாகியிருக்கின்றன.

இதற்கிடையே ஒரு வேடிக்கை. தேய்ந்த அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோய், அது 'ஹிஸ்' (அவனுடைய) என்பதன் சுருக்கம் என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். 1605-இல் அச்சான பென் ஜான்சனின் நாடகத் தலைப்பே 'செஜானஸ் ஹிஸ் ஃபால்', அதாவது 'செஜானஸ், அவன் வீழ்ச்சி'. 1711-இல் ஜோசப் அடிசனும் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் அந்த 'எஸ்' முன்னோரின் 'ஹிஸ்', 'ஹெர்' (அவளுடைய) இரண்டுக்கும் நிற்கிறது என்று எழுதினார். 1755-இல் தம் அகராதியின் இலக்கணப் பகுதியில் சாமுவேல் ஜான்சன் இந்த நம்பிக்கையை உடைத்தார்: பெண்ணின் அழகு என்று சொல்லவும் அதே 'எஸ்' வருகிறதே, அங்கே 'அவன்' எப்படி நுழைந்தான்? எளிய கேள்விதான். ஆனால் விளக்கம் பொய்த்த பிறகும் குறி போகவில்லை.

ஒருமைக்கு 'எஸ்'ஸுக்கு முன்னால் என்பது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓரளவு நிலைத்தது. பன்மைக்குப் பின்னால் என்ற விதி 18-ஆம் நூற்றாண்டில்தான் மெல்லப் பரவியது. காதுக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு கண்ணுக்கு மட்டும்.

தமிழ் படித்தவருக்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றும். நன்னூலார் ஆறாம் வேற்றுமையில் 'எனது கை', 'என கைகள்' என்று உருபைப் பிரிப்பது உடைமைப்பொருளின் எண்ணைப் பார்த்து. ஆங்கிலக் கொக்கி இடம் மாறுவதோ உடையவரின் எண்ணைப் பார்த்து. தமிழை வீட்டிலும் கன்னடத்தைத் தெருவிலும் பேசுகிறவருக்கு ஆங்கிலப் பலகையில் கை தடுமாறுவதில் வியப்பென்ன?

பெங்களூரில் பாளையப் (கன்டோன்மென்ட்) பகுதிதான் இந்தக் குறியின் பழைய இருப்பிடம். செயின்ட் மார்க்'ஸ் ரோட்டில் கொக்கி முன்னால்; 1865-இல் தொடங்கிய பிஷப் காட்டன் பாய்ஸ்' ஸ்கூலின் பெயரில் பின்னால். இரண்டுக்கும் நடுவே நடந்து போய்விடலாம். ஒரே நடையில் முழு விதியும் கிடைத்துவிடும். அமெரிக்கர்கள் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள்: அங்குள்ள இடப்பெயர் வாரியம் 1890 முதலே ஊர்ப்பெயர்களில் உடைமைக் கொக்கியை ஊக்குவிப்பதில்லை. விலக்குப் பெற்ற பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பீன்யாப் பலகைக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2024-இல் வந்த கர்நாடகச் சட்டத் திருத்தத்தின்படி பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். கன்னடத்தில் 'மஹிளெயர' என்று எழுதினால் கடைசி 'ர'வே பன்மையையும் உடைமையையும் சேர்த்துச் சொல்லிவிடும். கொக்கிக்கு அங்கே இடமில்லை.